திருத்தம்

"என் பொண்ணு தப்பு வார்த்தை பேசினாளா? சான்சே இல்ல மேடம்!"

இன்னும் உட்காரக்கூட இல்லை. அதற்குள் பொரிந்து தள்ளினாள் சிட்டுவின் அம்மா. டிவி ஆபீசில், திரைக்குக் கீழே ஓடுகிற செய்தி வரிகளை டைப் அடிப்பது அவள் வேலை. ஸ்கூலிலிருந்து போன் வந்ததும், பாதி அடித்த வரியைப் பக்கத்து சீட்டுக்காரி தலையில் கட்டிவிட்டு, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஓடி வந்திருந்தாள். ஆபீஸ் அட்டை இன்னும் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"முதல்ல உக்காருங்கம்மா," என்றார் தலைமை ஆசிரியை.

"உக்கார்றதுக்கு வரலை. எட்டு வயசுப் பொண்ணை ஒரு வாரம் ஸ்கூலுக்கு வராதேன்னு சொல்றீங்களாமே, அது என்ன நியாயம்னு கேக்க வந்தேன்."

மூலையில் ஸ்டூலில் சிட்டு. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர். அவர் மடியில் ஒரு ஸ்கூல் பை, பை முழுக்க மஞ்சள் வாத்துக் குஞ்சுப் படங்கள்.

"இவர் பேத்தியும் உங்க சிட்டுவும் ஒரே பெஞ்சு," என்றார் தலைமை ஆசிரியை. "போன வாரம் அந்தப் பொண்ணோட அப்பா இப்ப நடக்கற போர்ல இறந்துட்டார்."

"அடப்பாவமே! எந்தப் பக்கம்?"

வாயில் வந்துவிட்டது.

"ஆத்துக்கு அந்தப் பக்கம்மா," என்றார் பெரியவர். "வீட்டுக்கு ஒரு ஆள் வந்தாகணும்னு இழுத்துட்டுப் போனாங்க. பேத்தியாவது பிழைக்கட்டும்னு நான் இந்தப் பக்கம் தூக்கிட்டு வந்துட்டேன்."

"எந்தப் பக்கமா இருந்தா என்னங்கய்யா, பிள்ளைக்கு அப்பா அப்பாதானே." மனசாரத்தான் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு நேத்துதான் திரும்ப வகுப்புக்கு வந்துச்சு," என்றார் தலைமை ஆசிரியை. "சிட்டு ஏதோ சொல்லியிருக்கா. அழுத அழுகை இன்னும் நிக்கலையாம். இனி ஸ்கூலுக்கே போகமாட்டேன்னு ஒரே பிடிவாதம். பேரை எடுத்துடுங்கன்னு ஐயா வந்து உக்காந்திருக்கார்."

"அப்படி என்னதான் சொன்னாளாம்?"

"அதை இவர் முன்னாடி என் வாயால சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான், அம்மாவுக்குத் தலைக்கேறிவிட்டது.

"எங்க வீட்டில 'சனியனே'ன்னுகூட யாரும் யாரையும் திட்டினதில்ல மேடம்! இவ அப்பா சுத்தியலால கட்டைவிரலை நசுக்கிக்கிட்டாக்கூட 'அடடா'ம்பார், அதோட சரி. உங்க வேன்காரர் இருக்காரே, அவர் வாய் சாக்கடை. அவரைக் கேளுங்க. இல்லேன்னா மாடி வீட்டுத் தடிப்பசங்க. எவனோ பிஞ்சு மனசுல விஷத்தை ஊத்துவான், பழி மட்டும் என் பொண்ணு மேலயா? நான் டிவியில வேலை பாக்கறவ. 'இந்த ஸ்கூல்ல இப்படி'ன்னு ஒரே ஒரு வரி ஓட்டிவிட்டா உங்க பேர் என்னாகும் தெரியுமா?"

பெரியவர்தான் பேசினார்.

"அம்மா, குழந்தையை யாரும் ஒண்ணும் பண்ண வேணாம். மன்னிப்புக்கூடக் கேக்க வேணாம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்புது? அந்த இடத்துக்குப் போய், ரெண்டு கையையும் கூப்பி, 'எங்களை இப்படிச் சொல்லாதீங்க'ன்னு கேட்டுப் பாக்கறேன். அவங்க சரின்னுட்டா, நாளைக்கே பேத்தியை அனுப்பிடுவேன்."

அம்மா அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"நீங்க எதுக்குங்கய்யா கை கூப்பணும்? தப்புப் பண்ணினவன்ல கூப்பணும்! எவன்னு மட்டும் தெரியட்டும். நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேனா இல்லையா பாருங்க!"

சொன்ன சூட்டோடு மகள் பக்கம் திரும்பினாள்.

"சிட்டு, இங்க வா. அவகிட்ட என்ன சொன்னே? பயப்படாம அப்படியே சொல்லு."

சிட்டுவுக்குப் பயமே இல்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"அவ, 'எங்கப்பா இறந்துட்டார்'னு சொன்னாம்மா. அது தப்புன்னு சொல்லிக் குடுத்தேன். நம்ம படைன்னா 'வீரமரணம்'. அவங்கப்பா அந்தப் பக்கத்துக் கூலிப்படைல்ல? கூலிப்படைன்னா 'ஒழிக்கப்பட்டார்'னுதான் சொல்லணும். 'இறந்தார்'னு போடவே கூடாது. சரியாத்தானேம்மா சொன்னேன்?"



பெரியவர் முன்னால் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "இதையெல்லாம் உனக்கு யாரு கண்ணு சொன்னது?"

"யாரும் சொல்லலை தாத்தா. லீவு நாள்ல அம்மாகூட டிவி ஆபீசுக்குப் போவேன்ல, அங்க அம்மா கம்ப்யூட்டருக்கு மேல எந்த வார்த்தை போடணும்னு பெருசா ஒட்டியிருக்கு. நம்ம படைக்கு ஒரு வரிசை, கூலிப்படைக்கு ஒரு வரிசை. மத்தவங்கல்லாம் நிமிர்ந்து நிமிர்ந்து பாத்து அடிப்பாங்க. எங்கம்மா மட்டும் பாக்காமலே அடிப்பாங்க. ஒரு தப்புகூட வராது!"

அம்மாவின் கை தானாகப் போய்க் கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பிப் போட்டது.

பெரியவர் வாத்துக் குஞ்சுப் பையை மேசைமேல் வைத்தார். மெல்ல எழுந்தார். வாசல் பக்கம் போகவில்லை. அம்மாவுக்கு நேராக வந்து நின்று, ரெண்டு கையையும் கூப்பினார்.