மூன்றாம் மாடிக்குப் போகும் அம்பு

மூன்ஸ்டர் நகரத்துக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றின் வேலைகளையெல்லாம் கட்டங்களும் அம்புகளுமாக வரைந்து கணினிக்குள் போட்டிருந்தாள் ஆய்வாளர் வீப்கே. வெட்டியாகச் சுற்றும் அம்பைத் தேடச் சொன்னதும், கணினி ஒன்றைச் சிவப்பாகக் காட்டியது. கீழ்த்தளத்து ஒட்மாரிடமிருந்து ஒரு படிவம் மூன்றாம் மாடி கெர்லிண்டேயிடம் போகிறது; எதுவும் மாறாமல் அப்படியே திரும்பி வருகிறது. தினமும்!

வீப்கே ஒட்மாரிடம் போய்க் கேட்டாள்: "சார், இந்த அம்பை எடுத்துடலாமா? சாயங்காலம் இயக்குநருக்கு அறிக்கை கொடுக்கணும்."

ஒட்மாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, வேண்டாம் மேடம்!"

"பயப்படாதீங்க, உங்க வேலை போகாது."

"வேலை கிடக்கட்டும். அந்தம்மா பார்த்து அனுப்பலைன்னா எனக்கு ஒண்ணும் ஓடாது."

வீப்கே மாடியேறினாள். பிடிவாதத்தில் கெர்லிண்டே அவருக்கும் ஒரு படி மேலே இருந்தாள்.

"இருபது வருஷமா அவர் அனுப்பறதை நான்தான் பார்க்கறேன். உங்க கணினிக்கு என்ன தெரியும்?"

"நீங்க ஒரு எழுத்தைக்கூடத் திருத்தினதில்லையே!"

"திருத்தினா திருந்தற ஆளா அவரு?"

"நேர்ல பேசி முடிச்சுக்கலாமே?"

"அவர்கிட்டயா? எங்களுக்குள்ள பேச்சு நின்னு ஆறு வருஷமாச்சு."

இந்தச் சண்டைக்கோழிகளைப் பிரிப்பதே நல்லது என்று வீப்கே முடிவுசெய்தாள். அதற்குமுன், மேசைமேல் கிடந்த இன்றைய படிவத்தை எடுத்து, கணினி பார்க்காமல் விட்ட 'குறிப்பு' கட்டத்தைப் படித்தாள்.

ஒட்மார் எழுதியிருந்தார்: "ராத்திரிக்கு என்ன?"

அதன் கீழே கெர்லிண்டே: "உருளைக்கிழங்கு சூப். வரும்போது ரொட்டி வாங்கிட்டு வாங்க. உங்கம்மா வர்றாங்க."

வீப்கே அறிக்கையில் எழுதினாள்: "அவசியம் இருக்க வேண்டிய அம்பு. எடுத்தால் ஒரு குடும்பம் ஓடாது."