மூன்று போத்தல் ஒப்பந்தம்

மாப்பிள்ளை ஆறாவது போத்தலையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தான். கிளறன்ஸுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

“பார்த்தீங்களா ஹெக்டர், ஆறு!” என்று பக்கத்தில் நின்ற கடைக்காரரிடம் பல்லைக் கடித்தான். “ஆளுக்கு மூண்டு எண்டுதானே கதைச்சனாங்க!”

குடித்ததெல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஹெக்டரின் நெட் கஃபேயில் இருந்துகொண்டு கிளறன்ஸின் வீரன் ஓடி ஓடி வாள் வீசுகிறான். கனடாவில் இருக்கும் ஸ்ரனிஸ்லாஸின் வீரனோ விலகவும் இல்லை, குனியவும் இல்லை. நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்ற இடத்திலேயே நின்று, உயிர் குறையக் குறையச் சிவப்பு மருந்தை எடுத்து ஊற்றிக்கொள்கிறான். ஒரு போத்தலுக்குப் பாதி உயிர் திரும்பி வந்துவிடும்.

இந்த ஸ்ரனிஸ்லாஸைத்தான் கிளறன்ஸின் தங்கை பேர்ணடெற்றுக்குப் பேசியிருந்தார்கள். உள்ளூர் மாப்பிள்ளை என்றால் பங்குச் சுவாமியாரிடம் கேட்கலாம், ஒபீஸில் விசாரிக்கலாம், அயலில் நாலு பேரிடம் வாயைக் கிளறலாம். டொரன்டோவில் இருக்கிறவனைப் பற்றி யாரிடம் போய் விசாரிப்பது? அவனும் இதே விளையாட்டு விளையாடுகிறவன் என்று தெரிந்ததும், நேரே மோதியே பார்த்துவிடுவது என்று கிளறன்ஸ் முடிவு செய்தான்.

விளையாட்டில் மருந்துக்குக் கணக்கே கிடையாது. பை நிறைய வைத்திருக்கிறவன் வெல்லுவான், கைத்திறமை உள்ளவன் சாவான். அதனால் மானமுள்ளவர்கள் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்வார்கள்: ஆளுக்கு மூன்று போத்தல், மிச்சமெல்லாம் பெட்டிக்குள். ஞாயிற்றுக்கிழமை போனில் ஸ்ரனிஸ்லாஸும் “ஓம் மச்சான்” என்றுதான் சொன்னான். செவ்வாய் பின்னேரம் நாலரை என்று நேரத்தைக் குறித்தது கிளறன்ஸ்.

“அங்கை இப்ப விடியக்காலமை ஆறு மணியெல்லோ?” என்றார் ஹெக்டர்.

“அதுதான் பாருங்கோ! பேக்கரியிலை அஞ்சு மணிக்கே வேலை தொடங்கும் எண்டு அவன்ர தாய் பெருமையடிச்சவ. வேலைக்குப் போற லட்சணம் இது!”

“விளையாட்டுக் கம்பெனிக்காரன் விட்ட பிழைக்கு அவனை ஏன் ஏசுறீங்க? அடுத்த மாசம் நிமிசத்துக்கு ஒரு போத்தல்தான் எண்டு மாத்தப் போறாங்களாம்.”

“சட்டம் போட்டாப் பிறகு ஆரும் ஒழுங்கா இருப்பாங்க. சட்டம் இல்லாத இடத்திலை எப்பிடி நடக்கிறான் எண்டுதான் நான் பார்க்க வந்தனான்.”

கிளறன்ஸ் தன் மூன்று போத்தலும் முடிந்து, நாலாவதைத் தொடாமலே விழுந்து செத்தான். ஒன்பதுக்குப் பிறகு மற்றவனுடையதை எண்ணவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. திரையில் எதிரி ஒரு சிரித்த முகத்தை வேறு அனுப்பினான். வெட்கங்கெட்ட பிறப்பு!

ஆனால் பேர்ணடெற்றுக்கு என்ன சொல்வது? ஆறு மாதமாக ஸ்ரனிஸ்லாஸோடு போனில் கதைத்துக் கதைத்து, செய்தால் இவரைத்தான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பஸ்ஸில் குண்டு இருக்கிறதோ என்று சீற்றுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு உட்காருகிற இந்த ஊரைவிட்டு அவள் போய்விட்டால் அவனுக்கும் நிம்மதிதான். அதற்காக ஒரு பொய்யனின் கையிலா பிடித்துக் கொடுப்பது?

தெருவுக்கு வந்து, சூடு ஆறுவதற்குள் முகத்துவாரத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் தாய் றஞ்சிதத்துக்குப் போன் எடுத்தான்.

“அன்ரி, இந்தச் சம்பந்தம் எங்களுக்குச் சரிவராது. ஒரு விளையாட்டிலையே சொன்ன சொல்லைக் காப்பாத்தத் தெரியாதவர், நாளைக்கு என்ர தங்கச்சிக்குக் குடுக்கிற வாக்கையா காப்பாத்தப் போறார்?”

றஞ்சிதம் நிதானமாகச் சொன்னாள்.

“நல்லது மகன். கொம்பனித்தெருவிலை ஒரு இடம் ரெண்டு மாசமாக் கேட்டுக்கொண்டு நிக்குது. இண்டைக்கே ஓம் எண்டு சொல்லிடுறன். என்ர பிள்ளை என்ர சொல்லைத் தட்டமாட்டான்.”

போன் வைக்கப்பட்டது. ஒரு அசிங்கத்தை மிதித்துவிட்டுக் காலைக் கழுவினது போல இருந்தது கிளறன்ஸுக்கு.

அந்தோனியார் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருந்த பேர்ணடெற் ஆறு மணிக்கு வீடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“என்ன அண்ணா, உம்மெண்டு இருக்கிறீங்க? தோத்துட்டீங்களோ?”

“சிரிக்காதை பேர்ணி. அந்தச் சம்பந்தத்தை வேண்டாம் எண்டு தாய்க்காரியிட்டைச் சொல்லிப்போட்டன். அவவும் வேறை இடம் முடிக்கிறாவாம்.”

அவள் கதிரையின் நுனியில் மெல்ல உட்கார்ந்தாள். கையிலிருந்த முக்காட்டுத் துணியைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

“ஏன் அண்ணா?”

“அவன் கள்ளன். மூண்டு எண்டு வாக்குத் தந்துபோட்டு, என்ர கண்ணுக்கு முன்னாலை ஒன்பது போத்தல் குடிச்சவன்.”

பேர்ணடெற் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒன்பதில்லை அண்ணா, பதினொண்டு. அவர் தன்ர பாஸ்வேர்டை எனக்குத் தந்துபோட்டு வேலைக்குப் போயிட்டார். எனக்கு அந்த ஒரு பட்டன் மட்டும்தான் தெரியும்.”