வழக்கம்போல நான்தான் தோற்றேன்

"பத்து வருஷத்துல ஒரு தடவைகூட இவன் என்னை ஜெயிச்சதில்ல" என்றான் இடிமன்னன், மைக்கை விழுங்கிவிடுவதுபோல் பிடித்துக்கொண்டு.

அரங்கம் கைதட்டியது.

ஜெயித்ததில்லைதான். ஜெயிக்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். யார் விழ வேண்டும் என்பதை மேனேஜர் மத்தியானமே சொல்லிவிடுவார். சாயங்காலம் நான் போய் விழுவேன்.

கயிற்றில் மோதி விழுந்திருக்கிறேன். நாற்காலியால் அடிவாங்கி விழுந்திருக்கிறேன். ஒருமுறை அவன் குத்த மறந்து கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டிருந்தபோதும் பொறுப்பாக விழுந்தேன்.

இன்று எங்கள் மல்யுத்தக் கம்பெனியின் பத்தாம் ஆண்டு விழா. பழைய சண்டைகளைப் பெரிய திரையில் ஓட்டினார்கள். அவனுக்கு முகம் தெரிந்தது. எனக்கு முதுகு.

ஜெயித்து ஜெயித்து, அவன் அதை நிஜமென்றே நம்பிவிட்டான். என்னை வீழ்த்திய நுணுக்கங்களைப் பேட்டிகளில் விளக்குகிறான். என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

முன்வரிசையில் என் மனைவி. பக்கத்தில் அவள் தம்பி. ரிங்குக்குள் என் பெயர் பேய்க்கரடி. மைத்துனன் புண்ணியத்தில் வீட்டிலும் அதே பெயர். இந்த வாரம் எந்தப் பக்கமாக விழுந்தீர்கள் மாமா என்று கேட்காமல் அவனுக்குச் சோறு இறங்காது.

கிளம்பும்போது மனைவி என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள். வாய்ப்பு கிடைத்தால் ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். தம்பி முன்னால் அவள் தலைநிமிர்ந்து உட்கார வேண்டும். சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் வேறெதையும் கேட்டதாக நினைவில்லை.

வாய்ப்பு தானாக வந்தது. மேஜையில் முழங்கையை ஊன்றிக் கையைச் சாய்க்கும் போட்டி, இப்போதே, நிஜமாகவே என்று தொகுப்பாளினி குதூகலமாக அறிவித்துவிட்டாள். மேனேஜர் முழித்தார். அவரிடம் உத்தரவு எதுவும் தயாராக இல்லை.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். என் புஜம் அவனுடையதைவிடப் பெரிது. அது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

இடிமன்னன் தன் வலக்கையை இடக்கையால் தூக்கி, பீரங்கியை நிறுத்துவதுபோல் மேஜைமேல் வைத்தான். கூட்டம் அதற்கும் விசிலடித்தது.

கையைப் பிடித்தேன். பழக்கதோஷம், லேசாக ஒரு அழுத்து அழுத்தினேன். எங்கள் தொழிலில் அதற்கு, அடி எதுவும் படவில்லையே என்று அர்த்தம். பதிலுக்கு அழுத்தினால், ஒன்றுமில்லை, தொடரலாம் என்று அர்த்தம். யாருக்கும் தெரியாமல் நாங்கள் பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

அவன் பதிலுக்கு அழுத்தவில்லை.

மறுபடி அழுத்தினேன். அவன் கேமராவைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். நெற்றியில் மட்டும் வியர்வை.

முன்வரிசையைப் பார்த்தேன். மனைவி நாற்காலி நுனியில் இருந்தாள்.

பிறகு எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். பல்லைக் கடித்தேன், கழுத்து நரம்பைப் புடைக்க வைத்தேன், மேஜையை ஆட்டினேன், தம் பிடித்து முனகினேன். அங்குலம் அங்குலமாக என் கை சாய்ந்து மேஜையில் பட்டது. என்னைக் கேட்டால், பத்து வருஷத்தில் என் மிகச் சிறந்த தோல்வி அதுதான்.

அரங்கம் அதிர்ந்தது. மைத்துனன் நாற்காலிமேல் ஏறி நின்று சிரித்தான்.

இடிமன்னன் என் தோளில் சாய்ந்து, காதோடு, "அவசரப்பட்டுட்டியே, இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்ல" என்றான்.

வீடு திரும்பும்போது மைத்துனன் காரை ஓட்டிக்கொண்டே என் முனகலை நடித்துக் காட்டினான். பின்சீட்டில் என் பக்கத்தில் மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்தான் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மெல்லச் சாய்ந்து கேட்டாள்.

"அவர் கையையும் சேர்த்து நீங்கதானே சாய்ச்சீங்க? எவ்வளவு நாளாங்க அவருக்குக் கை இப்படி?"

தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.

அவள் முன்னால் எட்டி, தம்பியின் தோளில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அதில் நடிப்பே இல்லை.