பத்து நொடிக்கு ஒன்று

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று பேர். ஆபீஸ் லேப்டாப்பில் ஜப்பானிய அனிமே கார்ட்டூன் டிவிடியை ஓடவிடுவேன். என் வலைப்பக்கத்துக்காகப் பத்து நொடிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட்டை மென்பொருளே எடுத்துத் தள்ளும்.

“வாங்குற சம்பளத்துக்கு ஒருநாளாவது உருப்படியா வேலை செய்யுங்க!” என்று மனைவி காறித் துப்பாத குறை.

ரோஷம் வந்து, இன்று காலையிலிருந்து ரிப்போர்ட்டே கதியென்று கிடந்தேன்.

மதியம் மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

“உன் ஸ்கிரீனை அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை ஆபீஸ் சாஃப்ட்வேர் படம் புடிச்சு எனக்கு அனுப்புது, தெரியுமா?”

“சார், இன்னிக்கு முழுக்க ரிப்போர்ட்தான் சார்!”

“அதான்யா கேக்குறேன்! நேத்து அந்த நீலமுடிக்காரி மலையுச்சியில ஒத்தக்கையில தொங்கிட்டிருந்தா. விழுந்தாளா, பொழைச்சாளா? ரிப்போர்ட்டை மூடிட்டு டிவிடியப் போடு!”