நடுவிலே ஒரு சுவர்

கொழும்பு பாமன்கடையில், வெங்காயம் வதக்கிச் செய்யும் சீனிச்சம்பலைப் போத்தலில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் குகதாசனும் அவன் மனைவி நளாயினியும் பிரிந்துவிட்டார்கள் என்பதில் பக்கத்து வீட்டு ஜீவராணிக்குச் சந்தேகமே இல்லை. பின்னே, சமையற்கூடத்தின் நடுவே சுவர் எழும்பி, ஆளுக்கொரு வாசல், ஆளுக்கொரு அடுப்பு என்றாகிவிட்டதே!

சேர்த்துவைக்கும் புண்ணியத்தை வேறு யாருக்கும் விட மனமில்லாமல், முதலில் குகதாசனின் பக்கம் போனாள்.

"தம்பி, உங்கட சம்பல்ல ஒரு கிண்ணம் தாங்கோ."

"என்னத்துக்கு அக்கா?"

"ருசி பார்க்கத்தான்."

கிண்ணத்தோடு நேரே மற்ற வாசலால் நுழைந்தாள். "நளா, உன்ர மனுசன் தந்தவர். கோபத்தை விடு பிள்ளை" என்று ஒரு கரண்டி அள்ளி அவள் வாயருகே நீட்டினாள். நளாயினி பதறித் தட்ட, கிண்ணம் அவளுடைய சம்பல் வெந்துகொண்டிருந்த பெரிய தாச்சிச் சட்டிக்குள் விழுந்தது.

"ஐயோ அக்கா! அவர் செய்யிறது டுபாய்க்கு, மாசிக் கருவாடு போட்டது. இது மீன் இல்லாதது, ஐரோப்பாவுக்கு. மீன் பட்டால் அங்க வேற சட்டம், வேற பேப்பர், இறக்கவே விடமாட்டாங்கள். அதுக்குத்தானே இந்தச் சுவரே கட்டினனாங்கள்! நாளைக்குக் கப்பலுக்குப் போற ஓடர்!"

"அப்ப உங்களுக்குள்ள சண்டை இல்லையே?"

"இனித்தான்," என்றது சுவருக்கு அப்பாலிருந்து குகதாசனின் குரல். "கிண்ணத்தைத் தந்தவன் நானெல்லோ!"

அன்று பின்னேரம் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு, கப்பலேற முடியாமற்போன அந்தத் தாச்சிச் சீனிச்சம்பல் போனது, ஜீவராணி வீட்டைத் தவிர.