ஞானஸ்நானத் தொட்டி

ஊர்த் தேவாலயத்தின் வரலாற்றை எழுதிய மியூரியல், வந்திருந்த ஆய்வாளருக்குக் கல்தொட்டியைப் பெருமையாகத் தடவிக் காட்டினாள்.

"அந்தக் காலத்து இங்கிலாந்து உள்நாட்டுப் போர்ல சிப்பாய்ங்க இதை உடைக்க வந்தாங்க. எங்க முன்னோருங்க பன்றிப் பண்ணையில ஒளிச்சு வச்சு, அப்புறம் மீட்டு வந்தாங்க. இதுல ஞானஸ்நானம் வாங்காதவங்க எங்களுக்கு வந்தேறிங்கதான்!"

ஆய்வாளர் குனிந்து பார்த்தார்.

"மேடம், இது பன்றிக்குத் தண்ணி வைக்கிற தொட்டி. மாத்தித் தூக்கிட்டு வந்திருக்காங்க."

மியூரியலின் முகம் வெளிறியது. "அப்போ நிஜத் தொட்டி?"

பின்னால் நின்ற பண்ணைக்கார ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றினார்.

"எங்க பண்ணையில ஒண்ணு கிடக்கு. சுத்தி அப்போஸ்தலருங்க செதுக்கியிருக்கும். பன்றிங்கதான் தலைமுறை தலைமுறையா அதுல முங்கி எழுந்திரிக்குதுங்க."

அவர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்படிப் பார்த்தா நாமெல்லாம் வந்தேறிங்க, மியூரியலம்மா. அசல் ஊர்க்காரங்க எங்க பன்றிங்கதான்."