ஊர் மணலைவிடக் கம்மி

"மண்ணுல இறங்கினதும் முதல்ல சும்மா இரு, அப்புறமா..." என்று ஆய்வுக்கூடத்துக் கிழட்டு வெப்பமானி சொல்லியனுப்பியதில் மண்ணூசிக்குப் பாதிதான் நினைவிருந்தது. மீதி, ராக்கெட் போட்ட சத்தத்தில் போயிற்று.

இப்போது ஊசி எங்கோ ஒரு குளிர்ந்த நிலவில், விண்கலத்தின் கை குத்திவைத்த இடத்தில் நின்றது. மண்ணின் சூட்டை அளந்து சொல்வது அதன் வேலை. குத்திய மறுநொடியே சொல்லிவிடும்: "எங்க ஊர் மணலைவிடக் கம்மி." இடம் மாற்றிக் குத்தினாலும் அதே பேச்சு.

"அண்ணே, எவ்வளவுன்னு கேட்டா எதைவிடன்னு சொல்றீங்க," என்றது கை. "இன்னிக்கும் ஒழுங்கா அளவு வரலைன்னா பூமியில இருக்கறவங்க உங்களை அணைச்சிடப் போறாங்களாம்."

"ஊர் மணல்லதானே நான் அளக்கவே கத்துக்கிட்டேன்!"

"அப்ப இருங்க, ஓடிப்போய் ஒரு கைப்பிடி அள்ளிட்டு வந்துடறேன்."

ஊசிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துச் சும்மா இருந்தது. மெல்ல மெல்ல மண்ணின் குளிர் அதன் உடம்பில் ஏறியது. புட்டு மாவுபோல உதிரியான மண்தான். ஆனாலும் சுற்றிலும் இதமாகப் பற்றியிருந்தது.

"என்ன அண்ணே, சத்தத்தையே காணோம்?" என்றது கை.

இனி ஊர் மணலை இழுக்காமல், இந்த மண்ணின் சூட்டை மட்டும் சொல்லியனுப்புவது என்று ஊசி முடிவு செய்தது.